கீழ் முதுகெலும்புச் சிகிச்சை ஆய்வுகள்: பலனை எந்த அளவுகோலால் அளப்பது?

கேள்வி – எலும்பியல் முதுநிலை மாணவர்

அனைவருக்கும் வணக்கம். இடுப்புப் பகுதியில் தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கத்துக்காக அழுத்த நீக்க அறுவை செய்துகொண்டவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சியும் மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரையும் கொடுத்து ஒப்பிடும் ஆய்வு ஒன்றைத் திட்டமிட்டு வருகிறேன். ஆய்வுத் திட்டத்தின் பிற பகுதிகள் ஓரளவு முடிந்துவிட்டன. "முதன்மை விளைவு" (ஆய்வின் தீர்ப்பை முடிவு செய்யும் அளவீடு) என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதுவது என்பதில்தான் தயங்கி நிற்கிறேன்.

தயக்கத்துக்குக் காரணம் நான் படித்த இரண்டு கட்டுரைகள். 2016-இல் ஒரே மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில், அழுத்த நீக்கத்தோடு எலும்பு இணைப்பும் (முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று இணைத்தல்) தேவையா என்ற ஒரே கேள்வியைக் கேட்ட இரண்டு ஆய்வுகள் வந்தன. சுவீடனில் 247 பேரிடம் நடந்த ஆய்வு ஆஸ்வெஸ்ட்ரி குறியீட்டை (முதுகு வலியால் வரும் இயலாமையை 0 முதல் 100 வரை அளப்பது; குறைந்தால் நல்லது) முதன்மை விளைவாக வைத்தது. இரண்டு ஆண்டு முடிவில் இணைப்புப் பிரிவில் சராசரி 27, அழுத்த நீக்கம் மட்டும் செய்த பிரிவில் 24, எனவே வேறுபாடு இல்லை என்று முடித்தது. அமெரிக்காவில் முள்ளெலும்பு நழுவல் உள்ள 66 பேரிடம் நடந்த ஆய்வு எஸ்.எஃப்.-36 என்ற பொது உடல்நல வினாப்படிவத்தின் உடல்நலக் கூட்டு மதிப்பெண்ணை முதன்மையாக வைத்தது. அதில் இணைப்புப் பிரிவு 15.2 புள்ளியும் மற்றப் பிரிவு 9.5 புள்ளியும் முன்னேறியதால், இணைப்பு மேலானது என்று முடித்தது. ஆனால் அதே ஆய்வில் ஆஸ்வெஸ்ட்ரி குறியீட்டைப் பார்த்தால் வேறுபாடு புள்ளியியல் எல்லையைத் தாண்டவில்லை.

அளவுகோலை மாற்றினால் முடிவும் மாறும் என்றால், எதை நம்பித் தேர்ந்தெடுப்பது? இன்னொன்றும் புரியவில்லை. நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க குறைந்தபட்ச மாற்றம், அதாவது எம்.சி.ஐ.டி., ஆஸ்வெஸ்ட்ரியில் 10 என்று ஓரிடத்திலும், 12.8 என்று ஓரிடத்திலும், 15 என்று வேறிடத்திலும், தொடக்க மதிப்பில் 30 விழுக்காடு என்று மற்றோரிடத்திலும் இருக்கிறது. இரு பிரிவுகளின் சராசரி வேறுபாடு இந்த எண்ணைத் தாண்டாவிட்டால் அந்தச் சிகிச்சையால் பயனில்லை என்று எழுதிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – மருத்துவப் புள்ளியியலாளர்

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்தத் துறையில் மிக அதிகமாகக் காணப்படும் குழப்பம் அதுதான். எழுதிவிட முடியாது. எம்.சி.ஐ.டி. என்பது ஒரு தனி நோயாளி தன் நிலையில் உணரும் மாற்றத்தைப் பற்றியது. இரு பிரிவுகளின் சராசரிகளுக்கு இடையிலான வேறுபாடு முற்றிலும் வேறு பொருள். முதலாவதற்கென்று வகுத்த எண்ணை இரண்டாவதன் மேல் தூக்கி வைத்து, "வேறுபாடு 10-க்குக் குறைவு, எனவே பொருட்படுத்தத்தக்கதல்ல" என்று தீர்ப்பெழுதுவது எத்தனை கட்டுரைகளில் வந்திருந்தாலும் தவறு தவறுதான்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். சிகிச்சைப் பிரிவில் ஆஸ்வெஸ்ட்ரி சராசரியாக 18 புள்ளி குறைகிறது, ஒப்பீட்டுப் பிரிவில் 14 புள்ளி குறைகிறது, இரண்டிலும் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி மதிப்புகள் சிதறும் அளவு) 18 என்று கொள்வோம். சராசரி வேறுபாடு வெறும் 4. ஆனால் மாற்றங்கள் இயல்நிலைப் பரவலில் இருந்தால், 10 புள்ளியோ அதற்கு மேலோ முன்னேறியவர்கள் முதல் பிரிவில் ஏறத்தாழ 67 விழுக்காடு, இரண்டாவதில் ஏறத்தாழ 59 விழுக்காடு. அதாவது சுமார் 12 பேருக்கு இந்தச் சிகிச்சையைக் கொடுத்தால், இல்லாவிட்டால் முன்னேறியிருக்காத ஒருவர் கூடுதலாக முன்னேறுகிறார். சிகிச்சை மலிவானதும் தீங்கற்றதுமான உடற்பயிற்சி என்றால் இது நல்ல பலன். உலோகத் திருகுகள் வைக்கும் அறுவை என்றால் இது போதாது. பிரிவுகளுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு போதும் என்பதை அளவுகோல் சொல்லாது. செலவு, ஆபத்து, நோயாளி படும் சிரமம் ஆகியவற்றை எடைபோட்டு நாம்தான் சொல்ல வேண்டும்.

எம்.சி.ஐ.டி. எண்கள் ஏன் இத்தனை என்றால், அவற்றைக் கண்டுபிடிக்கும் வழிகள் பல. ஒரு வழியில், "முன்பைவிட எப்படி இருக்கிறீர்கள்" என்ற நேரடிக் கேள்வியை நங்கூரமாக வைத்து, "ஓரளவு மேல்" என்றவர்களின் மதிப்பெண் எவ்வளவு மாறியிருந்தது என்று பார்ப்பார்கள். இன்னொரு வழியில், மதிப்பெண்களின் பரவலையும் அளவீட்டுப் பிழையையும் கொண்டு கணக்கிடுவார்கள். அந்த வழி எது பிழையல்ல என்று சொல்லுமே தவிர எது முக்கியம் என்று சொல்லாது. நீங்கள் குறிப்பிட்ட 10 புள்ளியும் 30 விழுக்காடும் 2008-இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் கருத்தொற்றுமையிலிருந்து வந்தவை. 0 முதல் 10 வரையிலான வலி எண்ணில் 2, முதுகு வலி இயலாமைக்கான ரோலண்ட்–மாரிஸ் வினாப்படிவத்தில் 5 என்பனவும் அதே ஆவணத்தில் உள்ளவை. 12.8 என்பது இடுப்பு முதுகெலும்பு அறுவை செய்துகொண்டவர்களின் தரவிலிருந்து அதே ஆண்டில் கணக்கிடப்பட்டது. 15 என்பது செயற்கை டிஸ்க் போன்ற கருவிகளுக்கு ஒப்புதல் தரும்போது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கேட்ட எல்லை. அங்கேயும் அது தனித்து நிற்பதில்லை. 15 புள்ளி முன்னேற்றம், மறு அறுவை இல்லாமை, நரம்பு நிலை மோசமாகாமை, கருவியால் கடும் தீங்கு நேராமை ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் அந்த நோயாளி "வெற்றி" என்று எண்ணப்படுவார்.

தொடக்க நிலையும் இதில் குறுக்கிடுகிறது. 60-இல் தொடங்கியவருக்கு 30 விழுக்காடு என்றால் 18 புள்ளி. 20-இல் தொடங்கியவருக்கு 6 புள்ளி. அந்த 6 புள்ளி வினாப்படிவத்தின் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடக்கூடியது. ஆகவே லேசான பாதிப்பு உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு விழுக்காட்டு எல்லையை வைத்தால், வெறும் ஏற்ற இறக்கத்தையே பலன் என்று எண்ண நேரும்.

"முன்னேறினார், முன்னேறவில்லை" என்று இரண்டாகப் பிரித்து எண்ணுவது படிப்பவருக்கு எளிதாகப் புரிகிறது என்பது உண்மை; நார்வேயில் நழுவல் உள்ள 267 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு அப்படித்தான் செய்தது. ஆஸ்வெஸ்ட்ரியில் குறைந்தது 30 விழுக்காடு குறைவு என்பதே அதன் முதன்மை விளைவு. அழுத்த நீக்கம் மட்டும் செய்த பிரிவில் 71.4 விழுக்காட்டினரும் இணைப்புப் பிரிவில் 72.9 விழுக்காட்டினரும் அந்த எல்லையை எட்டினார்கள். எளிய அறுவை 15 விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் பின்தங்காது என்று காட்டுவதே நோக்கம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால், "வேறுபாடு தெரியவில்லை" என்பதோடு நிற்காமல் "மோசமல்ல" என்று உறுதியாகச் சொல்ல அவர்களால் முடிந்தது. ஆனால் இப்படி இரண்டாகப் பிரிப்பதற்கு விலை உண்டு. மேலே சொன்ன கற்பனைக் கணக்கில், சராசரிகளை ஒப்பிட 80 விழுக்காடு திறனுக்கு (வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) பிரிவுக்கு ஏறத்தாழ 320 பேர் போதும். 67-க்கும் 59-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பிரிவுக்கு 500-க்கு மேல் வேண்டும். உங்களுக்கு என் பரிந்துரை, முதன்மைப் பகுப்பாய்வை இரண்டாகப் பிரிக்காத முழு மதிப்பெண்ணில், தொடக்க மதிப்பின் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு நடத்துங்கள். எல்லையை எட்டியவர்களின் விழுக்காட்டைத் துணை முடிவாக அருகில் கொடுங்கள்.

மறுமொழி 2 – முதுகெலும்பு அறுவை மருத்துவர்

புள்ளியியல் விளக்கத்தோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. வினாப்படிவத்தைத் திறந்து, அதில் என்ன கேட்கப்படுகிறது என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அளவுகோலின் பெயரை மட்டும் கேள்விப்பட்டு ஆய்வுத் திட்டம் எழுதுகிறவர்கள் வியப்பளிக்கும் அளவுக்கு மிகுதி.

1980-இல் வெளியான ஆஸ்வெஸ்ட்ரியில் பத்துப் பகுதிகள் உள்ளன: வலியின் அளவு, தன்னைத் தானே பராமரித்துக்கொள்ளுதல், பொருளைத் தூக்குதல், நடத்தல், உட்கார்தல், நிற்றல், தூக்கம், தாம்பத்தியம், சமூக வாழ்க்கை, பயணம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மொத்தம் 50-ஐ நூற்றுக்கு மாற்றிச் சொல்கிறோம். இப்போது உங்கள் நோயாளியை நினைத்துப் பாருங்கள். தண்டுவடக் கால்வாய் சுருங்கியவர் நாற்காலியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பார். முன்னால் குனிந்தால் அவருக்குச் சுகம். எழுந்து சிறிது தூரம் நடந்தால் கால் மரத்துக் கனத்து, நின்றுவிடுவார். அவருடைய முழுத் துன்பமும் நடத்தல், நிற்றல் என்ற இரண்டு பகுதிகளில் அடங்கிவிடுகிறது, உட்கார்தல் பகுதியில் அவர் அறுவைக்கு முன்பே 0 போட்டுவிடுகிறார். அறுவை அவருடைய நடையை முழுமையாக மீட்டுத் தந்தாலும், பத்தில் சில பகுதிகளில் மட்டுமே மதிப்பெண் அசையும்.

இதற்காகவே உருவானது 1996-இல் வெளியான சூரிச் கிளாடிகேஷன் (நடக்கும்போது கால் வலித்து நிற்க நேர்தல்) வினாப்படிவம். அறிகுறிகளின் கடுமை, உடல் இயக்கம், சிகிச்சைக்குப் பின் மனநிறைவு என்று மூன்று பிரிவுகள் அதில் உண்டு. நடக்கும் தூரம், கால் மரத்தல், சமநிலை தடுமாறல் எல்லாம் நேரடியாகக் கேட்கப்படுகின்றன. உங்கள் ஆய்வுக்கு உடல் இயக்கப் பிரிவை முதன்மையாக வைத்து, பிற ஆய்வுகளோடு ஒப்பிடுவதற்கு ஆஸ்வெஸ்ட்ரியைத் துணையாக வைப்பதையே நான் விரும்புவேன். டிஸ்க் பிதுக்கத்தால் காலுக்கு இறங்கும் வலி என்றால் என் பதில் வேறாக இருக்கும். அங்கே கால் வலியைத் தனியாக அளக்காத ஆய்வு பாதி ஆய்வுதான். முதுகு வலி, கால் வலி இரண்டையும் ஒரே எண்ணாகக் கேட்டால், அறுவை எதைத் தீர்த்தது எதைத் தீர்க்கவில்லை என்பது கடைசிவரை தெரியாது.

உங்கள் திட்டத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு சிக்கலையும் சொல்கிறேன். அறுவைக்குப் பின் முதல் சில வாரங்களுக்குக் கனமான பொருளைத் தூக்காதீர்கள் என்று நாமே சொல்லி அனுப்புகிறோம். ஆறாவது வாரத்தில் படிவத்தைக் கொடுத்தால், தூக்குதல் பகுதியில் "என்னால் எதையும் தூக்க முடியாது" என்று குறிக்கிறார். முடியாததால் குறித்தாரா, நாம் தடுத்ததால் குறித்தாரா என்று பிரித்தறிய வழியில்லை. உடற்பயிற்சிப் பிரிவினருக்கு மட்டும் அந்தத் தடையை முன்னதாகவே தளர்த்தினால், உங்கள் பலனில் ஒரு பகுதி அறிவுரையின் பலனே தவிர உடல் மாற்றத்தின் பலன் அல்ல.

தாம்பத்தியம் பற்றிய பகுதியைப் பலர் வெற்றாக விட்டுவிடுவார்கள். அதை 0 என்று எண்ணிக் கூட்டக் கூடாது; விடுபட்ட பகுதியை வகுக்கும் எண்ணிலிருந்தும் நீக்க வேண்டும். ஒன்பது பகுதிகளில் 18 பெற்றவரின் மதிப்பு 45-க்கு 18, அதாவது 40; அதை 50-ஆல் வகுத்தால் 36 ஆகிவிடும். பார்க்கச் சிறியது, ஆனால் உண்மையான வேறுபாடே சில புள்ளிகள்தான் என்னும்போது இது போதுமான கேடு செய்யும்.

படங்களை மட்டும் நம்பி முதன்மை விளைவை அமைக்காதீர்கள். காலுக்கு இறங்கும் வலி உள்ளவர்களிடம் நடந்த நெதர்லாந்து ஆய்வில் ஓராண்டுக்குப் பின் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து 2013-இல் ஒரு கட்டுரை வந்தது: நன்றாகக் குணமானவர்களில் 35 விழுக்காட்டினருக்கும், குணமாகாதவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் பிதுக்கம் படத்தில் தெரிந்தது. எலும்பு இணைந்துவிட்டது என்று சி.டி. காட்டுவதும் அப்படியே, அது அறுவையின் தொழில்நுட்ப வெற்றியே தவிர, நோயாளி எழுந்து நடக்கிறாரா என்பதற்கு விடையல்ல.

மறு அறுவை விழுக்காட்டைத் திடமான விளைவு என்று பலர் நம்புகிறார்கள். நீங்கள் குறிப்பிட்ட 66 பேர் ஆய்வில் இணைப்புப் பிரிவில் 14 விழுக்காடும் மற்றதில் 34 விழுக்காடும் மறு அறுவைக்குப் போனார்கள். ஆனால் மறு அறுவை என்பது ஒரு மருத்துவரின் முடிவு. முதலில் இணைப்புச் செய்யாதவர் வலியோடு திரும்பி வந்தால் அடுத்துச் செய்ய ஒன்று கைவசம் இருக்கிறது. ஏற்கெனவே இணைத்தவர் அதே வலியோடு வந்தால் பெரும்பாலும் மாத்திரையும் ஆறுதலும்தான். எண்ணிக்கை வேறுபட்டதற்கு வலி மட்டுமே காரணம் என்று எப்படிச் சொல்வது?

மறுமொழி 3 – ஆய்வுகளில் பணியாற்றும் இயன்முறை மருத்துவர்

உங்கள் ஆய்வில் எந்தப் பிரிவு என்பதை நோயாளியிடமிருந்தோ பயிற்சியாளரிடமிருந்தோ மறைக்க முடியாது என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. மதிப்பீட்டாளருக்கு எந்தப் பிரிவு என்று தெரியாமல் மறைத்திருக்கிறோம் என்று கட்டுரைகளில் எழுதுவார்கள். ஆனால் வலியையும் இயலாமையையும் நோயாளியே மதிப்பிடும்போது மதிப்பீட்டாளர் அவர்தான், அவருக்குத் தான் எந்தப் பிரிவு என்று நன்றாகவே தெரியும். வாரம் தவறாமல் வந்து, ஒரே பயிற்சியாளரிடம் பழகி, அவர் தன் மேல் அக்கறை காட்டுகிறார் என்று உணர்ந்தவர், படிவத்தில் சற்றுத் தாராளமாகவே குறிப்பார். அதில் பொய் இல்லை, ஆனால் அது தசையின் பலனும் அல்ல. ஒப்பீட்டுப் பிரிவுக்கும் ஏறத்தாழ அதே அளவு நேரத்தைக் கல்வி, உரையாடல் என்ற வடிவில் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

இதற்கு ஈடாக நேரில் பார்த்து அளக்கும் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. கால்வாய்ச் சுருக்கத்துக்கு நடைச் சோதனையைவிடப் பொருத்தமானது இல்லை: தன் வேகத்தில் நடக்கவிட்டு, அறிகுறியால் நின்றுவிடும் வரையிலான தூரத்தை அளக்கலாம். அங்கே பிரிவு தெரியாத ஒருவரால் அளக்கவும் முடியும், ஊக்கச் சொற்களை எல்லோருக்கும் ஒன்றேபோல் எழுதி வைத்துப் படிக்கவும் முடியும். உடலில் அணியும் அசைவுமானி இன்னொரு வழி. ஆனால் நடக்க முடிவது வேறு, அன்றாடம் நடப்பது வேறு. வலி முழுவதும் நீங்கிய பிறகும் பழையபடியே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

எப்போது அளக்கிறீர்கள் என்பது எதை அளக்கிறீர்கள் என்பதற்குக் குறைந்ததல்ல. மேலே குறிப்பிடப்பட்ட நெதர்லாந்து ஆய்வு 283 பேரிடம் நடந்தது, முதல் முடிவுகள் 2007-இல் வெளியாயின. உடனடி அறுவைப் பிரிவினர் குணமாக ஆன இடைநிலைக் காலம் 4 வாரம், காத்திருந்து பார்த்த பிரிவினருக்கு 12.1 வாரம், ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தார்கள். ஓராண்டில் மட்டும் அளந்திருந்தால் "வேறுபாடில்லை", எட்டாவது வாரத்தில் மட்டும் அளந்திருந்தால் "அறுவைதான் வழி". அந்த இரண்டு மாத வலி ஒரு மனிதருக்கு என்ன மதிப்பு என்பது அவரவர் வேலையையும் குடும்பத்தையும் பொறுத்தது. எனவே பல காலப் புள்ளிகளில் அளந்து முழுப் பாதையையும் காட்டுங்கள்; ஆனால் தீர்ப்புக்கு உரிய காலப் புள்ளி ஒன்றே ஒன்றாக, முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டதாக இருக்கட்டும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மக்கள் ஆய்வில் சேர்கிறார்கள் என்பதால், எதுவும் செய்யாவிட்டாலும் சராசரி ஓரளவு இறங்கும். ஒரே பிரிவின் முன்–பின் ஒப்பீட்டைப் பலனாகக் காட்டுகிற கட்டுரைகளை நான் படிப்பதையே நிறுத்திவிட்டேன்.

வலி மாத்திரை எவ்வளவு எடுத்தார் என்பதையும் எழுதிவையுங்கள். மாத்திரை தின்று 3 என்றவரும், தின்னாமல் 3 என்றவரும் ஒரே நிலையில் இல்லை.

மறுமொழி 4 – ஓர் ஆய்வில் பங்கேற்ற நோயாளி

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். டிஸ்க் பிதுக்கத்துக்கான ஆய்வு ஒன்றில் பங்கேற்றவன் என்ற முறையில், படிவத்தின் மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

எனக்குக் கொடுத்தவற்றில் ஒன்று "ஆம்" என்றால் குறியிட வேண்டிய 24 வாக்கியங்களைக் கொண்டது. இன்றைய நிலையை மட்டும் எண்ணிக் குறிக்கச் சொன்னார்கள். அந்த "இன்று" எப்போதும் மருத்துவமனைக்கு நெடுந்தூரம் வண்டியில் உட்கார்ந்து வந்து, காத்திருந்து, முதுகு விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்த நாளாகவே இருந்தது. வீட்டில் நிரப்பியிருந்தால் நான் வேறு வாக்கியங்களைக் குறித்திருப்பேன். வலியை 0 முதல் 10 வரை எழுதச் சொன்னபோது, காலை எழுந்தவுடன் இருக்கும் வலியா, மாலை வலியா, மிக மோசமான நேரத்து வலியா, கடந்த வாரத்துச் சராசரியா என்று கேட்டேன். படிவத்தில் விடை இல்லை. அங்கிருந்தவரும் "உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள்" என்றார்.

இன்னொன்று, எனக்குச் சிகிச்சை அளித்தவரே அருகில் நின்றுகொண்டு "இப்போது பரவாயில்லை அல்லவா?" என்று கேட்டபடி படிவத்தை நீட்டினால், 7 என்று எழுத நினைத்த கை 5 என்று எழுதிவிடும். ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே எழுத மனம் வருவதில்லை. எனக்கு உண்மையில் முக்கியமாக இருந்தது என்னவென்றால், இரவு புரண்டு படுக்கும்போது விழிப்பு வராமல் இருப்பதும், வேலைக்குத் திரும்புவதும். வேலைக்குத் திரும்பியதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கேள்வி கேட்டவர் மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. உடல் இயக்கத்துக்கான சூரிச் பிரிவை முதன்மையாக வைத்து, ஆறாவது மாதத்தைத் தீர்ப்புக்குரிய காலமாகக் கொள்ள எண்ணுகிறேன். படிவத்தை நோயாளி வீட்டிலிருந்தே நிரப்பவோ, பிரிவு தெரியாத ஒருவர் தொலைபேசியில் கேட்டு நிரப்பவோ செய்வேன். வேலைக்குத் திரும்புதலும் சேர்க்கப்படும். ஒரு கேள்வி மிச்சம். அறிவுரைப் பிரிவில் உள்ளவர்கள் தாங்களாகவே வெளியே போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? பயிற்சிப் பிரிவில் சிலர் பாதியில் நின்றுவிடுவதும் நிச்சயம். அவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிடலாமா?

மறுமொழி 5 – மருத்துவப் புள்ளியியலாளர்

நீக்கக் கூடாது. இந்தத் துறையில் இதற்குப் பெரும் பாடமாக நிற்பது, டிஸ்க் பிதுக்கத்துக்கு அறுவையையும் அறுவையல்லாத சிகிச்சையையும் ஒப்பிட்டு 2006-இல் முடிவுகள் வெளியான அமெரிக்காவின் ஸ்போர்ட் ஆய்வு. குலுக்கலில் 501 பேர் சேர்க்கப்பட்டார்கள். அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் மூன்று மாதத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்கள் பாதிப் பேர் மட்டுமே. அறுவையல்லாத பிரிவுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் அதே காலத்தில் 30 விழுக்காட்டினர் அறுவைக்குப் போய்விட்டார்கள். ஒதுக்கீட்டின்படியே கணக்கிட்டபோது முதன்மை விளைவுகளில் வேறுபாடு சிறிதாக, புள்ளியியல் எல்லையைத் தாண்டாததாக இருந்தது. உண்மையில் பெற்ற சிகிச்சையின்படி கணக்கிட்டபோது அறுவைக்குச் சாதகமாகப் பெரிய வேறுபாடு தெரிந்தது. முதல் கணக்கு கலப்பினால் பலனைக் குறைத்துக் காட்டுகிறது. இரண்டாவது கணக்கு குலுக்கலையே கைவிட்டுவிடுவதால், யார் தாமாக அறுவையைத் தேர்ந்தார்கள் என்ற சாய்வு உள்ளே புகுந்துவிடுகிறது. அந்த ஆய்வைப் பற்றிய விவாதம் ஓயாததற்கு இதுவே காரணம்.

உங்கள் விஷயத்தில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதே. "மேற்பார்வைப் பயிற்சியைப் பரிந்துரைப்பதால் என்ன பலன்" என்பது கேள்வியானால், பாதியில் நின்றவர்களும் வெளியே பயிற்சி எடுத்தவர்களும் அந்தப் பரிந்துரையின் இயல்பான விளைவுகள். எல்லோரையும் ஒதுக்கப்பட்ட பிரிவிலேயே வைத்து, அவர்களிடமிருந்து ஆறாவது மாத மதிப்பெண்ணை வாங்கியே தீர வேண்டும். பயிற்சியை நிறுத்தியவர் ஆய்விலிருந்து விலகியவர் அல்லர். இந்த வேறுபாட்டைத் தரவு சேகரிப்பவருக்குச் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அவர் அழைப்பதையே நிறுத்திவிடுவார். "பயிற்சியை முழுமையாகச் செய்தவருக்கு என்ன பலன்" என்பது வேறு கேள்வி. அதற்குத் தனிப் பகுப்பாய்வு உண்டு, ஒழுங்காக வந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பது அந்தப் பகுப்பாய்வு அல்ல.

எப்படியும் சிலரின் மதிப்பெண் கிடைக்காது. கடைசியாகக் கிடைத்த மதிப்பெண்ணையே ஆறாவது மாதத்துக்கும் வைத்துக்கொள்வது பழைய பழக்கம். மேம்பட்டுக்கொண்டிருக்கும் நிலையில் அது ஒருவரின் பலனைக் குறைத்தும், மீண்டும் மோசமாகும் நிலையில் மிகைப்படுத்தியும் காட்டும். விடுபட்ட மதிப்பெண்ணைக் கிடைத்த தரவைக் கொண்டு பலமுறை கணித்து நிரப்பும் பன்முறை ஈடுசெய்தல் முறையைப் பயன்படுத்துங்கள். அதோடு, விடுபட்டவர்கள் மற்றவர்களைவிட மோசமாக இருந்திருந்தால் முடிவு எந்த அளவில் கவிழும் என்பதையும் சோதித்துக் காட்டுங்கள்.

அறுவை மருத்துவர் மறு அறுவை பற்றிச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் ஒருவர் மறு அறுவைக்குப் போனால், அதன் பிறகு அவர் தரும் மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதா, அல்லது சிகிச்சை தோற்றதாகக் கொள்வதா என்பதை முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே திட்டத்தில் எழுதி, ஆய்வுப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள். மூட்டு அறுவை, எலும்பு முறிவு, வேறு நோயால் மரணம் ஆகியவற்றுக்கும் தனித்தனியாக ஒரு வரி எழுதுங்கள். இந்த வயதினரிடம் இவை எல்லாமே வரும்.